காவிப் பாறையில் பர்பா

பர்பாவின் அப்பன் கூல்வென் அடிப்பதற்கு நேரம் காலம் பார்க்கமாட்டான். கஞ்சி ஆறிப்போனாலும் அடி, கொதித்தாலும் அடி. பிரான்சின் பிரெத்தோன் மேற்குக் கரையில் கடல்பாசி அறுத்துப் பிழைக்கிற குடும்பங்களில் அடி என்பது உப்பு மாதிரி, இல்லாத வீடு கிடையாது. கூல்வென் வீட்டில் அது கொஞ்சம் தூக்கல். ஈரக் கயிற்றை நாலாக மடித்து வீசுவான். பர்பாவின் மூக்கு கோணிப்போனது அப்படித்தான்.

பர்பா வளர்ந்து ஆளான பிறகு ஒரு நாள் காலையில், அப்பன் அவள் தம்பி செஸ்னியை மாட்டுக்கொட்டிலில் வைத்து அதே கயிற்றால் விளாசிக்கொண்டிருந்தான். பையன் வாயிலிருந்து சத்தம் வருவது நின்றுபோயிருந்தது. பர்பா பாசி வாரும் இரும்பு வாரியை எடுத்துவந்து அப்பன் முழங்கையில் ஒரே போடு போட்டாள். காய்ந்த விறகு முறிவதுபோல் கேட்டது. கூல்வென் சாணியில் உட்கார்ந்தான். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு மகளை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்ல கை உனக்கு," என்றான். "நாளையிலேர்ந்து துடுப்பு நீ போடு."

அதற்குப் பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை. சாராயக் கடையில் மட்டும் மகளின் கையைப் பற்றிப் பெருமை பேசினான். அம்மா காமாலையில் விழுந்தது அந்த வருஷம்தான். கரையில் காமாலைக்கு ஒரே மருந்து, பாறைகளில் பூத்துக் கிடக்கும் காவிக் கல்பாசி. மஞ்சளை மஞ்சள்தான் எடுக்கும் என்பார்கள். பர்பா கத்தியால் அதைச் சுரண்டிப் பாலில் காய்ச்சிக் கொடுத்தாள். அம்மா குடித்தாள், மஞ்சளாகவே செத்தாள். கூல்வென் அடுத்த மாரியில் கடலில் போனான். உடம்பு ஒதுங்கியபோது பர்பா விழுந்து புரண்டு அழுததைப் பார்த்து, அவள் மூக்கையும் பார்த்து, ஊர் ஒன்றும் புரியாமல் நின்றது.

அப்பன் விட்டுப்போனது ஒரு படகும் ஒரு குதிரையும். வசந்தம் பிறந்ததும் அக்காவும் தம்பியும் குதிரையைப் படகில் ஏற்றிக்கொண்டு கெலெரெக் திட்டுக்குப் போவார்கள். கோடை முழுக்க அங்கே பாசி அறுத்து, காயவைத்து, கல் அடுக்கிய சூளைக்குழியில் எரித்து, சாம்பல் உருகி இறுகினதைக் கட்டி கட்டியாக வெட்டி எடுப்பார்கள். அயோடின் ஆலைக்காரன் கரையில் வந்து வாங்கிக்கொள்வான். திட்டில் மரம் கிடையாது, கிணறு கிடையாது. புல்மண் குடிசை ஒன்று, கடற்காகங்கள் ஆயிரம், பாறைகள்.

அந்தப் பாறைகளைப் பர்பா நன்றாக அறிவாள். கடல் விழுங்கித் துப்புகிற உயரம் வரை பாறை கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். அதற்கு மேலே காவி. அலை எட்டாது, ஆனால் அதன் தூவானம் தினமும் நனைக்கும் இடம் அது. அதற்கும் மேலே, தூவானமும் அரிதாகிற இடத்தில், நரைத்த தாடி போன்ற சாம்பல் நிறக் கல்பாசி. கடற்காகங்கள் உட்கார்ந்து எச்சமிடுகிற பாறைகளில் காவி இன்னும் கொழுத்திருக்கும். எச்சம்தான் அதற்கு எரு. வெயில் படும் பக்கம் நெருப்பு மாதிரி, நிழல் பக்கம் வெளிறிய பச்சை. வேரில்லை, இலையில்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் ஒரே தோலுக்குள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை வீட்டைக் கட்டி உட்கார்ந்து தின்கிறது. இதெல்லாம் பர்பாவுக்குத் தெரியாது. காவி எதுவரை இறங்கியிருக்கிறதோ அதற்கு மேலே படகை இழுத்துப் போட்டால் படகு காலையிலும் இருக்கும் என்பது தெரியும்.

கெலெரெக்குக்கு எதிரே பெரிய தீவு இருந்தது. அங்கே வீடுகள், கோயில், சாராயக் கடை எல்லாம் உண்டு. தீவுக்காரர்கள் கெலெரெக் தங்களுடையது என்றார்கள். கரைக்காரர்கள் கடல் யாருடையதும் இல்லை என்றார்கள். வருஷா வருஷம் யாராவது ஒருவனின் கயிறு அறுபடும், யாராவது ஒருவனின் பல் போகும். உயிர் போனதில்லை.

ஒரு ஜூன் மாதம், பௌர்ணமிக் கடல் நன்றாக வற்றிக் கிடந்த முன்பகலில், ரியோக் என்கிறவன் தீவிலிருந்து படகில் வந்து இறங்கினான். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த ஆள். கூடவே அவன் சித்தப்பா மகன் ஃபாஞ்ச், இன்னும் இரண்டு பேர். பர்பாவும் செஸ்னியும் சூளையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். குழியில் சாம்பல் உருகிப் பாகாகியிருந்தது.

"யார் வீட்டுப் பாசிடி எரிக்கிற?" என்றான் ரியோக்.

"கடல் வீட்டுப் பாசி," என்றாள் பர்பா. நிமிரக்கூட இல்லை. "உன் வீட்டு அடுப்படியிலயா முளைச்சுது?"

"இந்தத் திட்டு எங்க பாட்டன் சொத்து."

"அப்ப உங்க பாட்டன வந்து வாரச் சொல்லு. வாரி ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு."

செஸ்னி சிரித்துவிட்டான். ரியோக் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"பல்லு அழகா இருக்கு தம்பி. எண்ணி வச்சுக்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற இரண்டு பேர் கடல்நீரை வாளியில் மொண்டுவந்து சூளையில் ஊற்றினார்கள். குழி வெடித்தது. கொதிக்கும் பாகு நாலு திசையிலும் தெறித்தது. செஸ்னியின் கழுத்திலும் தோளிலும் பட்ட இடம் சட்டையோடு வெந்தது. அவன் அலறினான். அவர்கள் விடாமல் ஊற்றினார்கள். சாம்பல் கரைந்த நீர் குழியை உடைத்துக்கொண்டு கீழே பாறைமேல் ஓடியது. காவிக் கல்பாசிக்குச் சாம்பல் காரம் ஆகாது. பட்டால் அது ரத்த நிறமாகும். கண்ணெதிரே அந்தப் பாறை முழுக்க, ஆடு அறுத்த கல் மாதிரி, சிவந்து வழிந்தது. இன்னும் யாருக்கும் ஒரு துளி ரத்தம் வந்திருக்கவில்லை.

செஸ்னி நீளக்கொம்பு அரிவாளை எடுத்தான். வெந்த தோளோடு அவன் வீசின வீச்சு ரியோக்கின் தொப்பியைத்தான் கொண்டுபோனது. ரியோக் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, தானியம் அடிக்கிறவன் மாதிரி, அவன் பொட்டில் அடித்தான். செஸ்னி மடங்கினான். ரியோக் இன்னொரு முறை அடித்தான். அது தேவையில்லாத அடி, விழுந்துகிடந்தவனுக்கு விழுந்த அடி. ஃபாஞ்ச்கூட "அண்ணே, போதும்ணே" என்றான்.

பர்பா தம்பியைப் பார்க்கக் குனியவில்லை. சூளை கிளறிக் கையிலிருந்த இரும்புக் கொக்கியோடு ரியோக் மேல் பாய்ந்தாள். கொக்கி அவன் கன்னத்தில் நுழைந்து வாயோரம் வரை கிழித்தது. பல் தெரிந்தது. அவள் கொக்கியை உருவி மறுபடி ஓங்குவதற்குள் மற்ற மூன்று பேரும் அவளைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, கையைப் பின்னால் கட்டினார்கள். முகம் மண்ணில் அழுந்திக் கிடந்தபோது, எட்டு அடி தள்ளிக் கிடந்த தம்பியின் கண் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். அது பார்க்கவில்லை என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"இவ உசிரோட கரைக்குப் போனா நாம நாலு பேரும் காலி," என்றான் ஒருவன்.

ரியோக் கிழிந்த கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "பொம்பளைய நான் கொல்லமாட்டேன்," என்றான். "பன்னிப்பாறையில விட்டுருவோம். மத்தத கடல் பாத்துக்கும்."

பன்றிப்பாறை திட்டுக்கும் தீவுக்கும் நடுவில், நீரோட்டம் சுழிக்கிற இடத்தில் நிற்கிறது. வற்றத்தில் பார்த்தால் வீடு உயரம். ஏற்றத்தில் முதுகு மட்டும் தெரியும், பௌர்ணமிக் கடலில் மேற்கிலிருந்து காற்றும் சேர்ந்தால் அதுவும் தெரியாது என்பார்கள். அன்றைக்கு மேல்காற்று எழும்பிக்கொண்டிருந்தது. அவளைப் பாறையின் அடியில் உருட்டிவிட்டார்கள். போகும்போது ஃபாஞ்ச் கயிற்றின் முடிச்சை மட்டும் கத்தியால் தொட்டுவிட்டுப் போனான். அண்ணன் பார்க்கவில்லை.

கை விடுபட்டதும் பர்பா உருண்டு எழுந்தாள். பிறகு அண்ணாந்து பாறையைப் படித்தாள். மேற்கு முகத்தில் கறுப்பு உச்சிக்குப் பக்கம் வரை ஏறியிருந்தது. அங்கே அலை நேராக வந்து அறையும் என்று அர்த்தம். கிழக்கில், காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே மேசையளவு ஒரு விளிம்பு இருந்தது. அதில் காவி தட்டுத்தட்டாக, நடுவே பழுத்து உதிர்ந்து வளையம் வளையமாக, தடித்துக் கிடந்தது. உள்ளங்கையளவு வளையம் ஆகவே அதற்குப் பத்து இருபது வருஷம் வேண்டும். அத்தனை வருஷத்துப் புயலும் அந்த இடத்தை உரித்துப் போடவில்லை. அவள் மரச்செருப்பை உதறிவிட்டுக் கறுப்பில் ஏற ஆரம்பித்தாள். வழுக்கி விழுந்தாள். முழங்கால் சிப்பியில் கிழிந்தது. மறுபடி ஏறினாள்.

விளிம்பில் கடற்காகங்கள் குஞ்சு வைத்திருந்தன. அவை சும்மா விடுமா? தலையில் கொத்தின, கண்ணைக் குறிவைத்து வந்தன, சூடாக எச்சம் அடித்தன. பர்பா ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்துப் பாறையில் அறைந்தாள். இன்னொன்றின் கழுத்தைத் திருகினாள். ஒரு குஞ்சை மிதித்தே போட்டாள். செத்த பறவைகளைச் சுற்றி எறிந்தாள். மிச்சமிருந்தவை மேலே வட்டமிட்டு ஓலமிட்டன. அவளும் ஓலமிட்டாள், தம்பி பேரைச் சொல்லி. வேறு யாரும் கேட்க இல்லாததால் வாய்விட்டு, மாடு கத்துவதுபோல.

கடல் ஏறியது. சாயங்காலம் ஆகும்போது கறுப்பு முழுக்க முழுகி, தண்ணீர் காவியின் அடி விளிம்பை நக்கியது. மேற்கே அலை அறைகிறபோதெல்லாம் பாறை அதிர்ந்து, உச்சியைத் தாண்டி நீர் அவள் முதுகில் கல்போல விழுந்தது. அவள் நகத்தால் பாறையைப் பற்றினாள். ஈரத்தில் காவி மெத்தென்று உரிந்து கையோடு வந்தது. பிடிப்பதற்காக அவள் அதைச் சுரண்டித் தள்ளினாள், கல் தட்டுப்படும்வரை, நகம் இரண்டு போகும்வரை.

அப்போதுதான் தன் படகைப் பார்த்தாள். ரியோக் திட்டுக்குத் திரும்பிப்போய், அவளுடைய சாம்பல் கட்டிகளை எல்லாம் அவளுடைய படகிலேயே ஏற்றிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் முன்பே தீவுக்குப் போய்விட்டார்கள். படகு தண்ணீர்மட்டம் வரை தாழ்ந்திருந்தது. இடதுபக்கப் பலகையில் ஒரு பிளவு உண்டு. கீல் பூசு, கீல் பூசு என்று செஸ்னியிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோம்பேறி, பூசவில்லை. சுழி படகைத் திருப்பியது. ஒரு அலை பக்கவாட்டில் ஏறியது. படகு கல்லைப்போல, சத்தமில்லாமல், உள்ளே போனது.

ரியோக் நீந்தத் தெரியாதவன். அந்தக் கரையில் யாருக்குத்தான் தெரியும்? துடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து பாறையில் மோதினான். கன்னம் திறந்து தொங்கியது. மேலே பார்த்தான். அவளைக் கண்டதும் ஒரு கணம் கையை எடுத்துவிட நினைத்தவன்போல் இருந்தான். எடுக்கவில்லை.

"கையக் குடு, பர்பா."

"என் தம்பியக் குடு."

"பேச நேரமில்ல. கையக் குடு."

"எனக்கு நேரம் இருக்கு."

அவன் ஏறினான். விரல்கள் விளிம்பைத் தொட்டதும் அவள் குதிகாலால் மிதித்தாள். அவன் விழுந்தான். அலை அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடி ஏறினான். இந்த முறை அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். இருவரும் விளிம்பில் புரண்டார்கள். அவன் அவள் தொடையைக் கடித்தான். அவள் கிழிந்த கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்தாள். அவன் போட்ட சத்தத்தில் பறவைகள் இன்னும் மேலே போயின. அவன் பிடி விட்டுச் சரிந்தான்.

மூன்றாவது முறை அவன் ஏறவில்லை. அலை அவனைக் கொண்டுவந்து விளிம்புக்குக் கீழே சாத்தியது. ஒரு கை வளையாத பக்கம் வளைந்து தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். பர்பா குனிந்து அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தாள்.

"கடல் உன்னக் கொண்டுபோனா விபத்துன்னு மணி அடிப்பாங்க," என்றாள், மூச்சு வாங்க. "சாமியார் பூசை வைப்பாரு. உன் பொண்டாட்டி கறுப்புத் துணி கட்டுவா. அந்த மரியாத உனக்குக் கெடையாதுடா. நீ கோர்ட்டு ஏறி, சர்க்கார் கத்தியில தல வச்சுச் சாகணும். நான் நின்னு பாக்கணும்."

இழுத்து விளிம்பில் போட்டாள். போட்டுவிட்டு, அவனால் தன்னை ஒன்றும் செய்ய முடியாதபடி, நல்லாயிருந்த கையையும் முழங்காலில் வைத்து முறித்தாள். அவன் அழுதான். அவள் அவன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். காற்றுக்கு அவன் உடம்பு மறைவாக இருந்தது. தண்ணீர் காவியின் நடு வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

சூரியன் இறங்குவதற்கு முன் கடல் வடிய ஆரம்பித்தது. அண்ணன் வரவில்லை என்று தேடிவந்த ஃபாஞ்ச், பாறையில் இருவரையும் கண்டு துடுப்பை நிறுத்தினான்.

"உங்கண்ணன் உசிரோடதான் இருக்கான்," என்றாள் பர்பா. "பாத்துத் தூக்கு. கை ரெண்டும் ஒடிஞ்சிருக்கு. தீவுக்கு இல்ல, கரைக்கு விடு."

ஃபாஞ்ச் கரைக்கே விட்டான். அவன்தான் சாட்சியும் சொன்னான். தீவில் அவன் வீட்டைக் கொளுத்தினார்கள். அவன் கப்பலேறிப் போய்விட்டான்.

வழக்கு பிரெஸ்ட் நகரத்தில் நடந்தது. நீதிபதிக்குப் பிரெஞ்சு, பர்பாவுக்குப் பிரெத்தோன்; நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளன். தம்பியைக் கொன்றவனை ஏன் காப்பாற்றினாய் என்று நீதிபதி கேட்டார். "தல உருளுறதப் பாக்கணும், அதான்," என்றாள் பர்பா. மொழிபெயர்ப்பாளன் இருமிக்கொண்டு என்னவோ சொன்னான். கூடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நீதிபதி அவளை நோக்கித் தலை தாழ்த்தினார். ரியோக்குக்கு மரண தண்டனை இல்லை என்றார்கள். கடல் கடந்த கயானுக்குத் தீவாந்தரம், ஆயுளுக்கும் கடின உழைப்பு.

வெளியே வந்த பிறகுதான் ஊர்ச் சாமியார் விளக்கினார்: "எதிரியானாலும் உயிரைக் காப்பது கிறிஸ்தவக் கடமைன்னு நீ சொன்னதா அந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னாரும்மா. அந்த இரக்கத்துக்கு மதிப்புக் குடுத்துத்தான் தண்டனையக் கொறச்சாங்க."

பர்பா நீதிமன்ற வாசலில் காத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளன் படியிறங்கியதும் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து ஒரு குத்து விட்டாள். அதற்காக அவளையும் சில நாள் உள்ளே வைத்தார்கள். அவள் மறுக்கவில்லை.

அடுத்த கோடையில் வேறு படகோடு தனியாகக் கெலெரெக்குக்குப் போனாள். வழியில் பன்றிப்பாறை. அவள் சுரண்டின இடம் வெறும் கல்லாகவே இருந்தது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. காவி அவசரப்படுகிற ஜாதி இல்லை. அதன் வித்து காற்றில் வரும். வந்த இடத்தில் தனக்கான பச்சைப் பாசி கிடைக்காவிட்டால் பட்டினியில் சாகும். சில வித்துகள் பக்கத்துச் சாம்பல் கல்பாசியின் மேல் இறங்கி, அதன் உடம்புக்குள் புகுந்து, அதன் பாசியைப் பிடுங்கிக்கொண்டு தன் வீட்டைக் கட்டும். பல கோடைகளுக்குப் பிறகு அந்த மொட்டைக் கல்லில் மிளகளவு ஆரஞ்சுப் புள்ளிகள் இரண்டு தெரிந்தன. பர்பா துடுப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அந்த முதல் தனிக் கோடையிலேயே ரியோக்கின் மனைவி ஸோஸ் திட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சண்டைக்கு வரவில்லை. அரிவாளோடு வந்து, திட்டின் மறுபக்கம் இறங்கி, பாசி அறுக்க ஆரம்பித்தாள். பர்பா நேரே அவளிடம் போனாள்.

"யாரக் கேட்டு இங்க எறங்கின?"

"கடலக் கேட்டு."

பர்பா அவளைத் தள்ளினாள். ஸோஸ் ஈரப்பாசியை வாரி முகத்தில் அடித்தாள். இருவரும் முடியைப் பிடித்துக்கொண்டு பாசிக் குவியலில் உருண்டார்கள். ஸோஸ் மெலிந்தவள், ஆனால் பூனை மாதிரி நகம். பர்பாவின் காதுமடல் கிழிந்தது. ஸோஸின் முன்பல் போனது. கடைசியில் பர்பா அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, "உன் புருசன நான் சாக விட்டிருக்கணும்டி," என்றாள்.

"ஆமா, விட்டிருக்கணும்," என்றாள் ஸோஸ், ரத்தத்தைத் துப்பிக்கொண்டு. "செத்திருந்தா நான் விதவ. இன்னொருத்தனக் கட்டியிருப்பேன். கோயில்ல இருந்து மாசம் ஒரு மூட்ட கிழங்காவது வந்திருக்கும். இப்ப நான் என்ன? பொண்டாட்டியும் இல்ல, விதவையும் இல்ல. அவன் தல போறதப் பாக்க ஆசப்பட்டு எங்க தலையில கை வச்சிட்ட."

பர்பா இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் மேலிருந்து இறங்கினாள். உதிர்ந்த பல்லைப் பாசிக்குள் தேடி எடுத்து அவள் பக்கம் போட்டாள். தன் பக்கத்துக்குப் போனாள்.

அதிலிருந்து திட்டு இரண்டானது. மேற்கே பர்பா, கிழக்கே ஸோஸ். ஒருத்தி எல்லையை மற்றொருத்தியின் குதிரை மிதித்தால் கல் பறக்கும். நல்ல வார்த்தை ஒன்று அவர்களுக்குள் யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒருமுறை தீவுக்காரர்கள் பர்பாவின் சூளையை உடைக்க வந்தபோது, ஸோஸ் இரும்புக் கம்பியோடு குறுக்கே ஓடிவந்தாள். "இவள அடிக்கிறது என் வேல, உங்க வேல இல்ல," என்று ஒருவன் முழங்காலைப் பெயர்த்தாள்.

பர்பாவைக் கொன்றது கடைசியில் ஒரு குதிரை. பாரம் ஏற்றும்போது மிரண்டு நெஞ்சில் உதைத்தது. வயசு அறுபதுக்கு மேல் ஆகியிருந்தது. கரைக்கு எடுத்துவந்து அடக்கம் செய்தார்கள். ஸோஸ் தனியாகப் படகு போட்டு வந்து, சேறு காயாத பாவாடையோடு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பெட்டி குழியில் இறங்கும்போது பக்கத்தில் நின்ற ஒருவன், "சனியன் ஒருவழியா ஒழிஞ்சுது," என்று முணுமுணுத்தான்.

ஸோஸ் திரும்பி அவன் வாயிலேயே குத்தினாள். அவன் பின்னால் சாய்ந்து பூக்கள் மேல் விழுந்தான். சாமியார் செபத்தை நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க சாமி," என்றாள் ஸோஸ், விரலை உதறிக்கொண்டு. "சீக்கிரமா சொல்லுங்க. கடல் வத்திட்டிருக்கு, நான் பாசி அறுக்கப் போகணும்."